ஒரு வெற்றி, 22 தோல்வி: ஈகிள்ஸுக்கு ஆட்டம் மறந்துவிட்டதா?

மட்டகரப் பாலம்:

பெர்த்தில் இருக்கும் நம் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸுக்கு 2025 ஆஸ்திரேலியக் கால்பந்து (ஏஎஃப்எல்) சீசன் முடிந்து, வீரர் பரிமாற்ற நாட்களும் முடிந்துவிட்டன. கோபம் தணிந்தபின் இந்த ரசிகர் இழையில் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை. இதற்கு மேல் காத்திருந்தால் அடுத்த சீசனே வந்துவிடும்.

2025இன் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 23 ஆட்டங்கள். முதல் ஒன்பதும் தோல்வி. பத்தாவது சுற்றில் செயின்ட் கில்டாவை நம் மைதானத்தில் 28 புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். அதற்குப் பிறகு ஆடிய பதின்மூன்றும் தோல்வி. 18 அணிகளில் 18ஆவது இடம்.

அந்த ஒரு வெற்றி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்கமாக நான்காம் குவார்ட்டர் பாதியைத் தாண்டும்போதே ஆற்றுப் பாலத்தில் கூட்டம் திரும்பத் தொடங்கிவிடும். அன்று யாரும் இருக்கையை விட்டு அசையவில்லை. சைரன் ஒலித்து, வெற்றிப் பாட்டு இரண்டு முறை ஓடி, அதன் பிறகுதான் வெளியே வந்தோம். பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு சிறுவன், ஏழு வயது இருக்கும். தகப்பனிடம் கேட்டான்: "ஜெயித்தால் இந்தப் பாட்டைத்தான் போடுவார்களா?" அவர் பதில் சொல்லவில்லை, பையனின் தொப்பியைச் சரிசெய்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். எந்த அணிக்கும் ஃபார்ம் போவது உண்டு. மூன்று வாரம் போகும், ஆறு வாரம் போகும், ஒரு சீசன் முழுவதும்கூடப் போகும். நமக்கு 2022இல் 2 வெற்றி, 2023இல் 3, 2024இல் 5, இப்போது 1. நான்கு ஆண்டுகளில் 91 ஆட்டங்கள், 11 வெற்றிகள். இதையும் ஃபார்ம் போனது என்றே சொல்வதா?

என்னைக் கேட்டால் மனம் உடைந்ததுதான் காரணம். 2023 ஜூனில் சிட்னியில் ஸ்வான்ஸிடம் 205க்கு 34 என்று வாங்கினோமே, அன்று உடைந்தது இன்னும் ஒட்டவில்லை.

கப்பல்துறைக்காரன்:

பக்கத்து அணியான ஃப்ரீமாண்டிலின் ரசிகனாக ஒரு சந்தேகம் மட்டும். அந்தப் பாட்டின் வரிகள் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறதா?

சுபியாகோ 1992:

கப்பல்துறையாரே, கோப்பை வாங்கிவிட்டு வந்து பேசுங்கள்.

தம்பி மட்டகரப், மனம் உடைந்தது என்ற உன் வாதம் எனக்கு ஒப்பவில்லை. 171 புள்ளி வித்தியாசம் நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று காட்டிய அளவு. நோய் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே உடம்பில் இருந்தது. எப்போது தொற்றியது என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். 2018 செப்டம்பரில், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில், டாம் ஷீட் எல்லைக் கோட்டோரத்திலிருந்து அந்த உதை உதைத்தபோது.

அந்த ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எதிரணி காலிங்வுட் முதல் ஐந்து கோலும் (கோலுக்கு ஆறு புள்ளி) போட்டது. நமக்கு நைட்டனூயி முழங்காலில் அடிபட்டு வெளியே, காஃப் தடையில் வெளியே, ஷெப்பர்டு தொடைப் பிடிப்பில் வெளியே. அப்படியிருந்தும் 79க்கு 74. இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் மெக்கவர்ன் பிடித்தார், வார்டியிடம் போனது, ரயனிடம் போனது, ஷீட் முடித்தார். தொலைக்காட்சி முன்னால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அந்த அணியின் வயதைப் பார். கென்னடிக்கும் கேப்டன் ஹர்னுக்கும் அந்த ஆண்டே 31. ஷூயிக்கு 28. அப்படி ஒரு கோப்பை கைக்கு வந்தால் எந்தக் கிளப்புக்கும் வரும் ஆசைதான் நமக்கும் வந்தது: இதே ஆட்களை வைத்து இன்னொன்று வாங்கிவிடலாம். 2019இல் ஐந்தாம் இடம், அரையிறுதிச் சுற்றில் ஜீலாங்கிடம் தோற்றோம். 2020இல் மறுபடியும் ஐந்தாம் இடம், பெர்த்திலேயே காலிங்வுட்டிடம் ஒரு புள்ளியில் வெளியேறினோம். இரண்டு முறையும் கை நீட்டினால் எட்டிவிடும் என்பது போல்தான் இருந்தது. அதுதான் கெடுத்தது. 2019இலேயே பதினான்காம் இடத்துக்கு விழுந்திருந்தால் புத்தி வந்திருக்கும்.

புதுவரவு:

நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுதான் ஆகிறது, தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி இடத்துக்கு வரும் அணிக்குத்தானே டிராஃப்டில் நாட்டின் மிகச் சிறந்த இளைஞனை முதலில் எடுக்கும் உரிமை? சம்பளத்துக்கும் எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. அப்படியென்றால் கீழே போகும் அணி தானாகவே மேலே வர வேண்டுமே. ஏன் வரவில்லை?

அறுபுள்ளி:

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். மகளை ஆஸ்கிக் என்ற சிறுவர் கால்பந்துப் பயிற்சியில் விட்டுவிட்டு வேலியோரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏணி இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏணியின் நடுப்படிகளை நாமே கழற்றி விற்றுவிட்டோம். 2019 இறுதியில் டிம் கெல்லியை ஜீலாங்கிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர் இந்த மண்ணின் மைந்தர், குடும்பத்தோடு ஊர் திரும்ப விரும்பினார், ஆட்டக்காரர் என்ற வகையில் அருமையானவர். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவருக்காக 2019, 2020 இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு உரிமைகளும் போயின, வேறு தேர்வுகளும் போயின. அதாவது அடுத்தடுத்து இரண்டு டிராஃப்டில் நல்ல பிள்ளைகளை மற்றவர்கள் வரிசையாகக் கூட்டிப்போனபோது நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டுகளில் 18 வயதில் எடுத்திருக்க வேண்டியவர்களுக்கு 2025இல் 23, 24 வயது. இந்த ஆட்டத்தில் உடம்பு முற்றி, அறிவும் முற்றி, வாரா வாரம் பாரம் சுமக்கும் வயது அது. நம் அணிப் பட்டியலைப் பாருங்கள். மேலே ஓய்வை எண்ணும் அண்ணன்மார். கீழே மீசை முளைக்கும் தம்பிமார். நடுவில் ஆள் இல்லை. கல்யாண வீட்டில் தாத்தா பாட்டியும் குழந்தைகளும் மட்டும் இருந்தால் பந்தி பரிமாறுவது யார்?

ஒரே ஒரு முதல் தேர்வு அந்தப் பள்ளத்தை நிரப்பாது. 2023இல் ஹார்லி ரீடை எடுத்தோம். 2024 ஏப்ரலில், நம் ஊரின் இரு அணிகளும் மோதும் டெர்பியில் ஃப்ரீமாண்டில்காரர்களைக் கையால் தள்ளிக்கொண்டே ஓடிப்போய் ஒரு கோல் போட்டானே, நினைவிருக்கிறதா? (கப்பல்துறையார் மன்னிக்க.) அப்படிப்பட்ட பையன்தான். ஆனால் களத்தில் 18 பேர். அவன் ஒருவன்.

கப்பல்துறைக்காரன்:

அந்தக் கோல் எனக்கு நினைவில்லை. அன்று தேநீர் போடப் போயிருந்தேன்.

ஆர்டன் தெரு:

நார்த் மெல்போர்ன் ரசிகன் உள்ளே வரலாமா? துக்க வீட்டுக்கு முன் அனுபவம் உள்ளவன் வருவது நல்லது.

எங்கள் கணக்கு: 2020இல் 3 வெற்றி, 2021இல் 4, 2022இல் 2, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் மூன்று மூன்று. நீங்கள் இரண்டு வெற்றியோடு திணறிய 2022இல் அதே இரண்டு வெற்றியோடு உங்களுக்கும் கீழே, பதினெட்டாம் இடத்தில் நாங்கள் இருந்தோம். அதனால் புதுவரவு கேட்டதற்கு இன்னொரு பதில் சொல்கிறேன். அறுபுள்ளி அக்கா சொன்னதைவிடக் கசப்பான பதில்.

தோற்கும் அணியில் சேரும் பையன் தோற்கக் கற்றுக்கொள்கிறான். ஒரு குவார்ட்டரில் எதிரணி மூன்று கோல் போட்டால் நல்ல அணியில் மூத்தவர் ஒருவர் நடுவட்டத்துக்கு வந்து வேகத்தைக் குறைப்பார். பந்தைப் பிடித்துச் சின்னச் சின்ன உதையாக உதைத்து மூச்சு வாங்க வைப்பார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இளையவன் கற்கிறான். எங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட ஆள் இல்லை. மூன்று கோல் ஆறாகும், ஆறு பத்தாகும். கிளார்க்சன் போன்ற நான்கு கோப்பைப் பயிற்சியாளரே வந்தும் இத்தனை ஆண்டு ஆகிறது, இன்னும் நிமிரவில்லை.

மட்டகரப் பாலம்:

ஆர்டன் அண்ணா சொன்னதை என் இருக்கையிலிருந்து பார்த்த மாதிரியே சொல்கிறேன். மேல் அடுக்கில், நடுக் கோட்டுக்கு நேராக உட்காருவேன். தொலைக்காட்சியில் பந்து மட்டும் தெரியும். அங்கிருந்து பார்த்தால் பந்து இல்லாதவர்கள் தெரிவார்கள்.

மூன்றாம் குவார்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவர் பந்தை மேலே எழுப்புகிறார். நம் ரக் ஆட்டக்காரர் எம்பித் தட்டிவிடுகிறார். தட்டுவதில் நாம் தோற்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பந்து கீழே இறங்கும் நொடியில் எதிரணிக்காரன் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கிறான், நம்மவன் நின்ற இடத்தில் நின்று எடுக்கிறான். எடுத்த உடனே மேலே விழுந்து அமுக்குகிறார்கள். அவன் கைக்குக் கிடைத்த பக்கம் ஹேண்ட்பால் கொடுக்கிறான், அதாவது பந்தை முஷ்டியால் தட்டிவிடுகிறான். அது முழங்கால் உயரத்தில் போகிறது. வாங்குபவன் குனிய வேண்டும், குனிந்தால் அவனும் அகப்படுகிறான்.

சரி, எதிரணி முன்னே உதைக்கிறது, நம் பின்களத்தில் ஒருவர் அதைக் காற்றிலேயே பிடிக்கிறார், நல்ல மார்க் என்றே வைப்போம். நிமிர்ந்து பார்க்கிறார். எனக்கு மேலிருந்து தெரிகிறது, எதிர்ப்பக்க ஓரத்தில் முப்பது மீட்டர் திறந்து கிடக்கிறது. அங்கே ஓட வேண்டியவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். சோம்பல் என்று சொல்ல மாட்டேன். பந்து வந்து சேரும் என்ற நம்பிக்கை இல்லை. வராத பஸ்ஸுக்கு யார் ஓடுவார்கள்? கடைசியில் பின்களக்காரர் எல்லைக் கோட்டோரமாக நீளமாக உதைக்கிறார். அங்கே அவர்கள் மூவர், நம்மவர் ஒருவர். பந்து திரும்பி வருகிறது. இதையே ஒரு மதியம் முழுக்கப் பார்க்கலாம், 18 வாரம் பார்க்கலாம்.

இதைத்தான் நான் மனம் உடைந்தது என்றேன். நீங்கள் வேறு பெயர் வைக்கிறீர்கள்.

சுபியாகோ 1992:

தம்பி, நன்றாகப் பார்த்திருக்கிறாய். ஆனால் எதிர்ப்பக்கம் ஓடாதது பழைய வழக்கத்தின் மிச்சமும்கூட. பயிற்சியாளர் சிம்ப்ஸனின் 2018 அணி எப்படி ஆடியது? உதை, மார்க், உதை, மார்க். அவசரமே கிடையாது. பந்து நம்மிடமே இருக்கும், எதிரணி துரத்திக் களைக்கும். அதற்கு இரண்டு வேண்டும்: ஹர்னைப் போலத் துல்லியமாக உதைக்கும் கால், கென்னடி, டார்லிங் போல உயரத்தில் பிடிக்கும் கை. இரண்டும் இருந்தன, கோப்பை வந்தது.

2021இல் விதியை மாற்றினார்கள். மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்கும் ஆள் அசையாமல் நிற்க வேண்டும், பக்கவாட்டில் நகர்ந்தாலே 50 மீட்டர் தண்டம். அன்றிலிருந்து பந்து பிடித்தவனுக்குக் கோணம் திறந்தது, லீக் முழுவதும் பந்து நடுக்களம் வழியாக வேகமாகப் பாயத் தொடங்கியது. இது ஓடும் கால்களின் காலம். நம்மிடம் இருந்தவை பிடிக்கும் கைகள். அந்த ஆண்டே ஒன்பதாம் இடம், இறுதிச் சுற்று இல்லை. அப்போதே தொடங்கிவிட்டது, பலர் கவனிக்கவில்லை.

புதுவரவு:

சிம்ப்ஸனை ஏன் முன்பே அனுப்பவில்லை? 171இல் தோற்ற மறுநாளே அனுப்பியிருக்கலாமே. 2011இல் ஜீலாங்கிடம் 186இல் தோற்றதும் மெல்போர்ன் அணி அப்படித்தானே செய்தது என்று படித்தேன்.

அறுபுள்ளி:

செய்தது. பயிற்சியாளர் டீன் பெய்லியை மறுநாளே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மெல்போர்ன் தேறியதா? 2013இல் 2 வெற்றி. பயிற்சியாளரின் தலையை வாங்கினால் ரசிகனுக்கு ஒரு வாரம் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

சிம்ப்ஸன் 2024 ஜூலையில்தான் போனார், ஒப்பந்தம் 2025 வரை இருந்தது. அவரை நான் முழுவதும் காக்க மாட்டேன். 2022 தொடக்கத்தில் கோவிட் வந்து, ஒரு கட்டத்தில் மாநில லீகிலிருந்து ஆட்களை வரவழைத்துச் சட்டை கொடுத்து இறக்கினோம். அந்த நிலையில் யார் இருந்தாலும் தோற்றிருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டே "இது முடிந்த கதை, புதிதாகக் கட்டுகிறோம்" என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காயம் ஆறினால் சரியாகிவிடும் என்றார்கள். ஷூயியின் தொடை ஆறவில்லை, நைட்டனூயியின் குதிகால் தசைநாண் ஆறவில்லை. அவர்கள் இருவரும் ஹர்னும் 2023 முடிவில் ஒன்றாக விடைபெற்றார்கள். 333 ஆட்டம் ஆடிய ஹர்ன் மரக்கரண்டியோடு, அதாவது கடைசி இடத்தோடு போனார். எனக்கு அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கென்னடியின் கடைசி ஆட்டம் 2022இல், அடிலெய்டுக்கு எதிராக. கிட்டத்தட்ட 35 வயதில் எட்டு கோல்! மைதானமே அழுதது. அந்த ஆட்டத்திலும் தோற்றோம். கிளப்பின் நிலைமையை இதைவிட நன்றாக யாரும் படம் வரைந்து காட்ட முடியாது.

ஆர்டன் தெரு:

உங்களிடம் பணம் இருந்தது, அதுவும் ஒரு காரணம் என்பேன். ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள், அறுபதாயிரம் பேர் அமரும் மைதானம், லாத்லெய்னில் புதிய பயிற்சித் தளம். ஏழைக் கிளப்புக்கு விழுந்த உடனே வலிக்கும். பணக்காரக் கிளப் மெத்தையில் விழும், விழுந்ததே தெரியாது.

சுபியாகோ 1992:

மெத்தை! சரியான சொல்.

மட்டகரப் பாலம்:

அப்படியானால் 2010ஐ என்ன சொல்வீர்கள்? அப்போதும் இதே பணக்காரக் கிளப்தான். 4 வெற்றியோடு கடைசி இடம், நம் முதல் மரக்கரண்டி. அடுத்த ஆண்டே நான்காம் இடம், இறுதிக்கு முந்தைய ஆட்டம் வரை போனோம். ஒரே பயிற்சியாளர், வொர்ஸ்ஃபோல்ட். பெரும்பாலும் அதே ஆட்கள். அதுவல்லவா ஃபார்ம் திரும்புவது?

சுபியாகோ 1992:

உன் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 2010இல் கடைசி இடத்துக்கு வந்த அணியில் ஷூயிக்கும் நைட்டனூயிக்கும் இருபது வயது, கென்னடிக்கு 23. ஆட்டம் அந்தப் பிள்ளைகளின் உடம்பில் இருந்தது, வெளியே வர ஒரு குளிர்காலம் பிடித்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, கயிறுதான் அறுந்திருந்தது. இப்போது கிணற்றையே தோண்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஃபார்ம் என்ற சொல்லையே வேண்டாம் என்கிறேன். ஃபார்ம் என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை திரும்பிவிடும் என்று மனம் எதிர்பார்க்கும்.

கப்பல்துறைக்காரன்:

கேலியை ஒதுக்கிவைத்து ஒன்று சொல்கிறேன். என் மூத்த பையன் உங்கள் அணிக்காரன், அதனால் எனக்கும் இது வீட்டுப் பிரச்சினை.

தோண்டுவது என்று ஒப்புக்கொண்டால், 2024இல் டிராஃப்டின் 3ஆம் தேர்வு உரிமையை ஏன் விற்றீர்கள்? 12ஆம் தேர்வும் லியம் பேக்கரும் ஓவீஸும் வந்தார்கள். ரிச்மண்டைப் பாருங்கள். 2024இல் 2 வெற்றி. இருந்த நல்லவர்களையெல்லாம் விற்று டிராஃப்டில் ஒரு கூடைப் பிள்ளைகளை எடுத்தார்கள். அவர்கள் விற்ற பேக்கரை வாங்கியது நீங்கள். 2025இல் அவர்களுக்கு 5 வெற்றி, உங்களுக்கு 1.

அறுபுள்ளி:

இதில் எனக்கும் சுபியாகோ அண்ணாவுக்கும் வீட்டுச் சண்டை போல ஒன்று ஆறு மாதமாக நடக்கிறது. அவர் அந்த விற்பனையைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார். நான் பேக்கர் தேவை என்கிறேன். ஆர்டன் தெரு மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். நடுவட்டத்துக்கு வந்து வேகத்தைக் குறைக்கும் ஆள் யார்? ரிச்மண்டில் கோப்பை வாங்கிய ஒருவர் பயிற்சியில் முதல் ஆளாக ஓடினால் பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். மெக்வால்ட்டருக்கு நம் பயிற்சியாளராக 2025தான் முதல் ஆண்டு. அவருக்குக் களத்துக்குள் ஒரு குரல் வேண்டாமா? ஆனால் 3ஆம் தேர்வு கொடுக்கும் அளவுக்கா என்று கேட்டால் நானும் கொஞ்சம் முழிப்பேன். ஓவீஸைப் பற்றி வாதாடப் போவதில்லை.

2022இல் 2ஆம் தேர்வை இரண்டாகப் பிரித்து ஜின்பியையும் ஹியூவெட்டையும் எடுத்தார்களே, அதை யாரும் திட்டுவதில்லை. ஜின்பி பின்களத்துக்குப் போனபின் ஆட்டமே மாறிவிட்டது. கிணற்றில் முதல் ஈரம் அங்கேதான் எனக்குத் தெரிகிறது.

புதுவரவு:

ஆஸ்கர் ஆலன்? அவரும் போய்விட்டாரே.

மட்டகரப் பாலம்:

பிரிஸ்பேனுக்கு. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மெக்கவர்னும் தலையில் பட்ட அடிகளால் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. 2018இல் அந்த மார்க் பிடித்தவர். ஆலனுக்கு ஈடாகக் கிடைத்தது 2ஆம் தேர்வு. கடைசி இடத்துக்கான முதல் தேர்வும் நம்முடையது. 2025 டிராஃப்டில் முதல் இரண்டு தேர்வும் நமக்குத்தான்.

சுபியாகோ 1992:

விற்காமல் வைத்திருந்தால் போதும். ஒருவன் ஓடுபவன், ஒருவன் உயரமானவன். பரிமாற்றப் பேச்சு என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் லாத்லெய்னில் யாரும் எடுக்கக் கூடாது.

ஆர்டன் தெரு:

இரண்டு பேரும் விக்டோரியாப் பிள்ளைகளாக இருந்தால்? பெர்த்திலிருந்து மெல்போர்ன் 2,700 கிலோமீட்டர். மூன்றாம் ஆண்டு ஒப்பந்தம் முடியும்போது அம்மா சமையல் நினைவுக்கு வரும். நாங்கள் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸை முதல் தேர்வில் எடுத்தோம். ஒரே சீசன் ஆடினான், ஊருக்கே போய்விட்டான்.

அறுபுள்ளி:

அதற்கும் ஒரு வழிதான், பக்கத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளை நிறுத்துவது. ஸ்டார்செவிச் பிரிஸ்பேனிலிருந்து வீடு திரும்புகிறான். வயது 26. நான் சொன்ன நடுப்படியில் ஒன்று. எண்ணிப் பாருங்கள், அந்த வயதில் வேறு எத்தனை பேர் தேறுவார்கள் என்று. நான் ஒரு கைக்குள் முடித்துவிட்டேன்.

பயிற்சி முடிந்துவிட்டது, மகள் பந்தோடு வருகிறாள். உதைத்தால் இன்னும் குறுக்கேதான் போகிறது.

கப்பல்துறைக்காரன்:

உங்கள் அணிக்கு இப்போதே அழைத்துவிடுவார்கள், வீட்டு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

சுபியாகோ 1992:

கப்பல்துறையாரே, செப்டம்பரில் கோல்ட் கோஸ்டிடம் எத்தனை புள்ளியில் தோற்றீர்கள் என்று இந்த இழையில் யாரும் இன்னும் கேட்கவில்லை.

கப்பல்துறைக்காரன்:

ஒன்று. தேநீர் போடப் போகிறேன்.